சாக்பீஸ் லீடரும் நிஜப் பொறுப்பும்: ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை தலைமைப் பண்பு வளர்ப்பது எப்படி?

ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளையைக் கிளாஸ் லீடர் ஆக்கினால், அன்றைக்கே அதன் கைக்குச் சாக்பீஸ் வந்துவிடும். ஆசிரியர் எச்.எம். அறைக்குப் போய்த் திரும்பும் பத்து நிமிடத்தில் கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசுபவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர்கள் ஏறும். மறுபடி பேசினால் பெயருக்கு எதிரே ஒரு இன்ட்டு. லீடரின் பக்கத்துப் பெஞ்சுக்காரன் பெயர் ஏறவே ஏறாது. முரட்டுப் பையன் முறைத்தால் ஏறிய பெயரும் அழிந்துவிடும். ஆசிரியர் வந்ததும் பட்டியலில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எதற்காகப் பேசினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும் பேச்சுக் கணக்கில்தான் சேரும்.

நம் பிள்ளைகளில் பலருக்குத் தலைமையின் முதல் பாடம் இதுதான். மேலே இருப்பவருக்குக் கண்ணாக இருப்பது, கூட இருப்பவர்களின் தப்பைத் தேடுவது, பட்டியலைக் காட்டிப் பேரம் பேசுவது எல்லாம் இதில் நன்றாகப் படிந்துவிடும். ஒரு முடிவை எடுக்கவோ, எடுத்த முடிவுக்குப் பதில் சொல்லவோ, ஒத்துப்போகாத இரண்டு பேரை ஒரே வேலையில் நிறுத்தவோ அந்தப் பிள்ளைக்கு ஒரு தடவைகூட வாய்ப்பு வராது.

இது ஏன் பலன் தராது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகிய மூன்று உளவியலாளர்களும் அமெரிக்காவின் அயோவாவில் நடத்தி 1939-ல் வெளியிட்டது. பத்து வயதையொட்டிய சிறுவர்களை ஐந்தைந்து பேராகச் சேர்த்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைக் குழுவில் பெரியவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து கட்டளையிட்டார். இன்னொன்றில் பிள்ளைகளோடு பேசி முடிவெடுத்தார். மூன்றாவதில் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார். பெரியவர் அறையில் இருக்கும்வரை கட்டளைக் குழுவின் வேலை குறைவில்லாமல் நடந்தது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. பேசி முடிவெடுத்த குழுவிலோ அவர் இருந்தாலும் போனாலும் வேலை ஏறக்குறைய அப்படியே ஓடியது. முழுக்க விட்டுவிட்ட குழு எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. இந்த மூன்றாவது முடிவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ‘பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று ஒதுங்குவதும் பயிற்சி ஆகாது.

ஆக, ஆசிரியர் அறையில் இல்லாத பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் ஒழுங்காக ஓட வேண்டுமானால், பிள்ளையின் கையில் உண்மையான ஒரு வேலை, அதற்குள் உண்மையான ஒரு முடிவு, வாரம் ஒருமுறை கணக்குச் சொல்லும் ஓர் இடம், இந்த மூன்றும் வேண்டும். பேட்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி.

எட்டாம் வகுப்பு எந்தப் பள்ளியில் இருக்கிறது?

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஒன்று முதல் எட்டு வரை. அங்கே எட்டாவது படிக்கும் பிள்ளைதான் ஊரிலேயே பெரிய அண்ணன், பெரிய அக்கா. பதின்மூன்று வயதில் பள்ளியின் மூத்த இடம் கிடைக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை. அங்கே மாணவர் தலைவர் பதவி ப்ளஸ் டூவுக்குப் போகும், அணித் தலைவர் பதவிகள் ப்ளஸ் ஒன்னுக்கு. ஆறு, ஏழு, எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கவும் கை தட்டவும்தான். வசதி குறைந்தது என்று நினைக்கும் ஒன்றியப் பள்ளிக்கு இந்த ஒரு விஷயத்தில் பெரிய பள்ளியைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. நம் கொங்குப் பகுதியில் கோபி, தாராபுரம், பரமத்தி பக்கத்து எண்பது பிள்ளைப் பள்ளிகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

பெரிய பள்ளியில் இதற்கு ஒரு வழி உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஆறு முதல் எட்டுக்கு மட்டும் தனியாகக் காலை வழிபாட்டுக் கூட்டம், தனியாக ஒரு நூலக அலமாரி, விளையாட்டுச் சாமான் பெட்டி ஒன்று. இந்த மூன்றையும் பிரித்துக் கொடுத்தால், பெரிய பிள்ளைகளின் நிழலுக்கு வெளியே அவர்களுக்கென்று ஓர் இடம் கிடைத்துவிடும். அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கிய ‘மகிழ் முற்றம்’ திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வகுப்பு கலந்த குழு என்பதால் கீழே சொல்லும் பொறுப்புகளை அதன் மேலேயே வைக்கலாம். புதிதாக ஓர் அமைப்பை உண்டாக்க வேண்டியதில்லை.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பதினொன்றிலிருந்து பதின்மூன்று வரை ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்பதைவிடக் கூட்டாளிகள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் பெரிது. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிய லீடர் அடுத்த நாள் வாய் திறக்கமாட்டார். ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்’ என்று முன்கூட்டி யோசிக்கும் திறன் இந்த வயதில்தான் மெல்லத் தலைகாட்டுகிறது. அதனால் ஆறாம் வகுப்புக்கு அந்த வாரத்து வேலை, ஏழாம் வகுப்புக்கு ஒரு மாதத்து வேலை, எட்டாம் வகுப்புக்கு ஒரு பருவம் முழுக்க ஓடும் வேலை என்று, திட்டமிட வேண்டிய கால அளவை நீட்டிக்கொண்டு போக வேண்டும். ஆறாவது பிள்ளையிடம் ஆண்டு விழாவைத் தூக்கிக் கொடுத்தால் அது திணறும். எட்டாவது பிள்ளையிடம் டஸ்டரை மட்டும் கொடுத்தால் அதற்குச் சலித்துப்போகும்.

எதைப் பொறுப்பு என்று கொடுப்பது

ஒரு வேலை பயிற்சிக்கு உதவுமா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். செய்யாமல் விட்டால் யாராவது உண்மையில் சிரமப்படுவார்களா? அதற்குள் பிள்ளை தானே முடிவெடுக்க ஏதாவது இருக்கிறதா? நடந்ததா இல்லையா என்பதை எண்ணிப் பார்க்க முடியுமா? டீச்சரின் டீ டம்ளரைக் கழுவுவது, நோட்டுக் கட்டைத் தூக்கிவருவது இரண்டும் முடிவே இல்லாத எடுபிடி வேலை. சிறப்பு விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்க நிறுத்துவது அலங்காரம். குழந்தைகளின் பங்கேற்பைப் பற்றி ரோஜர் ஹார்ட் 1992-ல் யுனிசெஃப் வெளியீடாக எழுதிய எட்டுப் படி ஏணியில், பிள்ளைகளைக் கைப்பாவையாக வைத்திருப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்ப்பது ஆகிய கீழ் மூன்று படிகளையும் அவர் பங்கேற்பாகவே எண்ணவில்லை. நம் பள்ளி விழாக்கள் பெரும்பாலும் அந்த மூன்றில்தான் நிற்கின்றன.

குடிநீர் நல்ல பொறுப்பு. தொட்டி, குழாய்கள், டம்ளர் என்று பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. காலை 9 மணிக்கும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பும் எல்லாக் குழாய்களையும் திறந்து பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். ஒழுகும் குழாய் இருந்தால் அடியில் அளவு டம்ளரை 10 நிமிடம் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 100 மில்லி சேர்ந்தால் மணிக்கு 600 மில்லி, நாளைக்கு 14.4 லிட்டர். ‘குழாய் ஒழுகுதுங்க சார்’ என்று சொல்வதற்கும் ‘ஒரு நாளைக்குப் பதினாலு லிட்டர் வீணாப் போகுதுங்க சார், வாசர் மாத்தணுமுங்க’ என்று சொல்வதற்கும் உள்ள தூரம்தான் பயிற்சி. முதலாவதைக் கேட்ட பெரியவர் ‘சரி கண்ணு, பாக்கறேன்’ என்று மறந்துவிடுவார். இரண்டாவதை மறப்பது கடினம். பார்த்தல், அளத்தல், கேட்டல், விடாமல் நினைவூட்டல் என்ற நான்கும் ஒரு வாசரில் அடங்கிவிடுகின்றன. பல்லடம், காங்கயம் பக்கம் தண்ணீரின் அருமை பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சத்துணவில் எண்ணிக்கை வேலை இருக்கிறது. இன்று எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், முட்டை சாப்பிடாதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு வாழைப்பழம் எத்தனை என்று வருகைப் பதிவு முடிந்ததும் அமைப்பாளரிடம் சொல்ல வேண்டும். அடுப்புப் பக்கமும் சூடான பாத்திரத்தின் பக்கமும் பிள்ளைகள் போகக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. இங்கே வரும் கோளாறு எப்போதும் ஒன்றுதான்: பொறுப்பாளரின் கூட்டாளிகள் வரிசையில் முன்னால் வந்துவிடுவார்கள். ‘பொறுப்பில் இருப்பவர் கடைசியில் சாப்பிடுவார்’ என்ற ஒரே விதி இதை முக்கால்வாசி சரிசெய்துவிடும். உடைந்த முட்டை யாருக்கு, குறைந்தால் யாரிடம் சொல்வது என்பதை முதல் நாளே பேசி எழுதி வைத்துவிட வேண்டும். அப்போதுதான் ‘ரெண்டு கொறையுதுங்க டீச்சர்’ என்று சொல்ல வரும் பிள்ளை பயப்படாமல் வரும்.

விளையாட்டுச் சாமான் பெட்டிதான் இவற்றில் மிகக் கடினமானது. அதனாலேயே மிகப் பயனுள்ளதும்கூட. பந்து எத்தனை வெளியே போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணுவது இதில் பத்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் மைதானச் சண்டை. பி.டி. பீரியடில் எட்டாம் வகுப்புப் பையன்கள் மைதானம் முழுக்கக் கிரிக்கெட் ஆடுவார்கள். பெண் பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். இதை ஆசிரியர் ஒரு சொல்லில் தீர்த்துவிடலாம். தீர்க்கக்கூடாது. மைதானத்தைக் காலடியால் அளந்து, எந்த நாளில் எந்தப் பாதி யாருக்கு என்று ஒரு கால அட்டவணையைச் சாமான் பொறுப்பாளர்கள் தயாரிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. முதல் அட்டவணை கட்டாயம் உடையும், ஏனென்றால் பெரும்பாலும் பையன்கள் கேட்டதை அப்படியே எழுதியிருப்பார்கள். அப்போது ஆசிரியர் கேட்க வேண்டியது: ‘இத எழுதறப்ப யாரையெல்லாம் கேட்டீங்க?’ இரண்டாவது அட்டவணை கொஞ்ச நாள் தாங்கும். மூன்றாவது நிற்கும். பொறுமை இல்லாதவர்கள் முதல் வாரத்திலேயே அட்டவணையைத் தாங்களே போட்டுக் கொடுத்துவிட்டு, ‘பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராதுங்க’ என்பார்கள்.

தோட்டத்துக்கு ஒரே ஒரு குறிப்பு. முளைக்கீரை விதைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் பறித்துவிடலாம். ஒருவரின் பொறுப்புக் காலத்துக்குள்ளேயே விதைப்பும் அறுப்பும் முடியும். பூச்செடி வைத்துவிட்டுக் கோடை விடுமுறையில் காய விடுவதைவிட இது மேல். நூலக அலமாரி, காலைக் கூட்டம் இரண்டும் எல்லாரும் அறிந்தவைதான். கூட்டத்தில் செய்தி வாசிப்பவரே அன்றைய செய்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

கழிப்பறை பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். கழிப்பறையைப் பிள்ளைகள் கழுவக்கூடாது. தண்ணீர் வருகிறதா, வாளி, கப், சோப்பு இருக்கின்றனவா, தாழ்ப்பாள் போடுகிறதா என்று பார்த்துச் சொல்வது மட்டும்தான் பொறுப்பாளரின் வேலை. கழுவும் வேலையை ‘பொறுப்பு’ என்ற பெயரில் கொடுத்தால் அது எந்த வீட்டுப் பிள்ளைகளின் தலையில் வந்து விழும் என்பது இந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரியும்.

யாருக்கு, எத்தனை நாள்

ஜூனில் பள்ளி திறந்ததும் தேர்தல் வைப்பது பெரிய தவறு. ஆறாம் வகுப்பில் நாலைந்து தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். உயரமானவர், சத்தமானவர், ஊரில் பெயருள்ள வீட்டுப் பிள்ளை இவர்களுக்குத்தான் ஓட்டு விழும். ஆசிரியரே நியமித்தாலோ முதல் ரேங்க் பிள்ளைக்குப் போகும். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே எல்லாம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் பருவத்தில் வெறும் சுற்றுமுறை போதும். பெயர்களை அகர வரிசையில் எழுதி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் மண்டலம் மண்டலமாகத் தண்ணீர் விடுவதுபோல, யாரையும் விடாமல் முறை வைத்துக் கொடுப்பது. இரண்டாம் பருவத்தில் பரிந்துரை. முதலில் வேலை என்ன என்பதை வாசித்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு பெயரையும் ஒரு காரணத்தையும் எழுத வேண்டும். ‘நல்லவன்’ என்று எழுதினால் செல்லாது. ‘போன மாசம் புத்தகத்தைத் தேதி போட்டு வாங்கினாள்’ என்பதுபோல் பார்த்த ஒன்றைச் சொல்லும் காரணம் வேண்டும். மூன்றாம் பருவத்தில்தான் பள்ளி அளவிலான பொறுப்புகளுக்குத் தேர்தல். அதற்குள் யார் எப்படி என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், ஆளுக்கு நான்கு வாரம். இருவரும் ஒன்றாக மாறக்கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் மாற வேண்டும். அப்படியானால் எப்போதும் ஒருவர் பழகியவர், ஒருவர் புதியவர். பழகியவரே புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பார், ஆசிரியருக்கு அந்த வேலை மிச்சம். கணக்கும் ஒத்துவருகிறது. ஏழு பொறுப்பு, இரண்டிரண்டு பேர் என்றால் 14 இடம். தேர்வு, விடுமுறை எல்லாம் போக ஆண்டுக்கு 32 வாரம் என்று வைத்தால் எட்டுச் சுற்று, மொத்தம் 112 வாய்ப்பு. ஆறு முதல் எட்டுவரை 56 பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு இரண்டு முறை வரும். முதல் முறை சொதப்பிய பிள்ளைக்கு இரண்டாவது முறை இருக்கிறது என்பதுதான் இந்தக் கணக்கில் முக்கியம்.

ஜோடி போடும்போது ஏழு, எட்டாம் வகுப்புகளில் ஆணையும் பெண்ணையும் தனியாக இரண்டு பேராகப் போட்டால் கேலி கிளம்பும். கேலிக்குப் பயந்து இருவரும் வேலையையே விட்டுவிடுவார்கள். ஒரே பால் இருவர், இல்லையென்றால் கலந்து மூவர். கலந்த குழுவில் பையன் பேச, பெண் பிள்ளை நோட்டு எழுத என்று வழக்கமாகப் பிரியும். கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற காரணத்துக்காக எட்டு வருடம் அடுத்தவர் பேசியதை எழுதிக்கொண்டே இருக்கும் பெண் பிள்ளைகள் நிறையப் பேர். எழுதுபவரும் பேசுபவரும் வாரா வாரம் மாற வேண்டும் என்று விதியாகவே வைத்துவிடலாம். பொறுப்பு வேலை முழுக்கப் பள்ளி நேரத்துக்குள் முடிய வேண்டும். நாலரை மணிக்கு மேல் நிறுத்தினால் முதலில் விலகுவது பெண் பிள்ளைகள்தான், வீட்டில் விடமாட்டார்கள்.

சாதி இதில் சத்தமில்லாமல் புகும். தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பையன் பொறுப்பாளர், அவர் தோட்டத்தில் வேலை செய்பவரின் மகன் உதவியாளர் என்று ஜோடி தானாகவே அமையும். ஊரில் பார்த்ததைப் பிள்ளைகள் பள்ளியில் அப்படியே செய்துகாட்டுவார்கள். மாணவர்களிடையே சாதி மோதல்களைத் தடுப்பது பற்றி ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. பொறுப்புச் சுற்றுக்கும் அதே வரிசையைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. ஏன் அவன் மேலே, இவன் கீழே என்று யாரும் கேட்க முடியாது. முட்டை பரிமாறுவது, தண்ணீர் பிடித்துக் கொடுப்பது ஆகிய பொறுப்புகளில் பட்டியலினப் பிள்ளைகளின் முறை வரும்போது மட்டும் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று யாராவது நகர்த்துகிறார்களா என்று தலைமை ஆசிரியர் நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நோட்டு இதற்கும்தான்.

திருப்பூர், அவினாசி, சோமனூர் பக்கத்துப் பள்ளிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தமிழ் தடுமாறுகிறது என்பதால் இவர்களுக்குப் பொறுப்பே வருவதில்லை. ஆனால் அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் கூட்டிப்போய் இரண்டு மொழியில் பேசிச் சமாளிப்பது இதே பிள்ளைகள்தான். இவர்களுக்கு ‘மொழித் துணை’ என்று ஒரு பொறுப்பை உண்டாக்கலாம். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம் பள்ளியைச் சுற்றிக் காட்டுவது, பெற்றோர் கூட்டத்தில் சொன்னதை வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சொல்வது. அதே பொறுப்பில் இந்தி தெரியாத தமிழ்ப் பிள்ளை ஒருவரையும் ஜோடி சேர்த்தால் பாடம் இரண்டு பக்கமும் ஓடும்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

வாரத்தின் கடைசிப் பீரியடில் 25 நிமிடம். எல்லாப் பொறுப்பாளர்களும் வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும். ஆசிரியரும் தரையில்தான், நாற்காலி போடக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் போன வார நோட்டை வாசிப்பது. அடுத்த பத்து நிமிடம் ஒவ்வொரு பொறுப்பும் மூன்று வரி சொல்வது: என்ன நடந்தது, எங்கே நின்றது, என்ன வேண்டும். மீதிப் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து முடிவு செய்து, யார், எந்த நாளுக்குள் என்று எழுதிவிட வேண்டும். இரண்டு பிரச்சினையை எடுத்தால் இரண்டும் முடியாது.

ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். பேசும்போதெல்லாம் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். தீர்ந்தவர் மற்றவர்கள் முடிக்கும்வரை கேட்க வேண்டும். வாயாடிப் பிள்ளை இரண்டாவது வாரத்திலேயே கொட்டையைப் பதுக்கிப் பேசப் பழகிவிடும். கூச்சமுள்ள பிள்ளை கையில் மூன்றும் மீதியிருப்பது எல்லார் கண்ணிலும் படும். அப்போது பக்கத்துப் பிள்ளையே ‘நீ சொல்லு’ என்று சொல்லிவிடும்.

கூட்டம் கெட்டுப்போவது இரண்டு வழியில். ஒன்று, புகார்ப் பெட்டியாக மாறிவிடுவது. ‘அவன் வரல, இவ செய்யல’ என்று ஆரம்பித்தால் கரும்பலகைப் பட்டியல் வேறு உருவத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆள் பெயர் சொல்லாமல் வேலையின் பெயரால் மட்டும் பேச வேண்டும் என்ற விதி அதற்குத்தான். இன்னொன்று, ஆசிரியர் முதலில் பேசிவிடுவது. பெரியவர் கருத்தைச் சொன்ன பிறகு பிள்ளைகள் அதைத்தான் வேறு சொல்லில் திருப்பிச் சொல்வார்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டு சும்மா இருப்பது ஆசிரியருக்குத்தான் கடினமான பயிற்சி.

முடிவுக்குக் கொஞ்சம் பணமும் வேண்டும். பிள்ளைகள் கையில் காசு கொடுக்க வேண்டாம், அதில் வேறு தொல்லைகள் வரும். பருவத்துக்கு 200 ரூபாய் என்று வரம்பு வைத்து, எதை வாங்குவது என்பதை மட்டும் கூட்டம் முடிவு செய்யட்டும். ஸ்கிப்பிங் கயிறா, குழாய் வாசரா, அட்டை ஒட்டும் டேப்பா என்று பேசும்போதுதான் ஒன்றை விட்டு ஒன்றை எடுப்பது என்றால் என்ன என்று தெரியும். வாங்கிவிட்டு வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. எட்டாம் வகுப்பில் 60 ரூபாய்க்கு ஏமாறுவது மலிவான படிப்பு.

வேலை நடக்காதபோது

நடக்காமல் போகத்தான் செய்யும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஆர்வம் சரியும். புதுமை போய், வேலை மட்டும் மிஞ்சும் நேரம் அது. அப்போது ‘ஏன் செய்யல?’ என்று கேட்டால் பொய்க் காரணம்தான் வரும். ‘எந்த இடத்துல நின்னு போச்சு?’ என்று கேட்டால் உண்மை வரும். சாவி வாட்ச்மேனிடம் இருந்திருக்கும். ஜோடிப் பிள்ளை லீவு போட்டிருக்கும். வேலை என்னவென்றே சரியாகப் புரிந்திருக்காது. இந்தக் கடைசிக் காரணம்தான் பெரும்பாலும். அதனால் ஒவ்வொரு பொறுப்பையும் ஐந்து வரிக்குள் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிடுவது நல்லது.

நான்கு வாரத்துக்கு நடுவில் பொறுப்பைப் பிடுங்கக்கூடாது. அடிதடி, அடுத்த பிள்ளையை இழிவாகப் பேசுவது இரண்டுக்கு மட்டும் விலக்கு. ஒரு நாள் குழாய்ச் சோதனை விட்டுப்போனதற்காக மாற்றினால், அடுத்து வருபவர் சோதிக்காமலேயே நோட்டில் டிக் போடக் கற்றுக்கொள்வார். எல்லா நாளும் எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில் டிக் இருக்கும் நோட்டைப் பார்த்தால் மகிழாதீர்கள். அது திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் போட்டது.

பாடத்துக்குள்ளும் இடம் இருக்கிறது. உளவியலாளர் எலியட் அரான்சன் 1971-ல் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் உருவாக்கிய ஜிக்சா முறையில், பாடத்தை ஐந்தாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். மற்ற நால்வரும் அந்தத் துண்டை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். காலிங்கராயன் வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டியது யார், பவானியிலிருந்து கொடுமுடிப் பக்கம் வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஏன் அப்படி வளைந்து போகிறது, கரையில் என்ன பயிர், சாயக்கழிவு எப்படிக் கலந்தது, இன்று மடையைத் திறந்துவிடுவது யார் என்று ஐந்து துண்டு. கடைசித் துண்டுக்கு விடை புத்தகத்தில் இல்லை, வீட்டில் தாத்தாவிடம்தான் கேட்க வேண்டும். முதல் ரேங்க் பிள்ளைக்கு அதைக் கொடுக்காதீர்கள். தோட்டத்து வீட்டிலிருந்து வந்து எப்போதும் பின் பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்குக் கொடுங்கள். அன்றைக்கு நான்கு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள்.

வீடும் ஊரும்

மதிப்பெண்ணுக்குப் பெயர் வாங்கிய ஊர்கள் நம்முடையவை. பிள்ளைகளைப் பிராய்லர் கோழிபோல மதிப்பெண்ணுக்காகவே வளர்ப்பதைச் சொல்லும் ‘பிராய்லர் பள்ளி’ என்ற கேலிப்பெயரும் இங்கேதான் அதிகம் புழங்குகிறது. ‘ஏனுங்க சார், லீடரெல்லாம் எதுக்குங்க, படிப்புக் கெட்டுப் போயிருமுங்க’ என்று வரும் பெற்றோருக்கு வாதம் தேவையில்லை. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், வெள்ளிக்கிழமை 25 நிமிடம், வருடத்தில் எட்டு வாரம், அவ்வளவுதான் என்று கணக்கைக் காட்டினால் போதும். பிள்ளை எழுதிய நோட்டைக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை பனியன் கம்பெனியில் சம்பள நாள், அன்றைக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழு, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அமைவது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். அந்தக் கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தை எட்டாம் வகுப்புப் பொறுப்பாளர்களுக்குக் கொடுக்கலாம். நோட்டிலிருந்து எண்ணோடு இரண்டு கோரிக்கை, அதற்குமேல் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அந்த இரண்டும் என்ன ஆயின என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பணம் இல்லை என்பதும் ஒரு பதில்தான், சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குப் புரியும். பதிலே வராவிட்டால்தான் அடுத்த முறை கேட்க வரமாட்டார்கள். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய நாட்களில் கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அப்படியே கிராம சபையில் போய் உட்கார்ந்து பார்க்கலாம். ஓட்டுரிமை இல்லாததால் தீர்மானத்தில் பங்கில்லை, பள்ளித் தெருவின் சாக்கடை பற்றி ஒரு மனு கொடுப்பதற்குத் தடையில்லை. மனுவைப் பிள்ளைகளே எழுத வேண்டும். ஆசிரியர் எழுதிக் கொடுத்துப் பிள்ளையை வாசிக்க வைத்தால் அது ஹார்ட் சொன்ன கைப்பாவைப் படி.

கொங்கில் இதெல்லாம் இறக்குமதிச் சரக்கு என்று யாராவது சொன்னால், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை நினைவூட்டலாம். தி.சு. அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கியது, காந்திய ஆதாரக் கல்வியைக் கையிலெடுத்துப் பிள்ளைகளின் கைவேலையைப் படிப்போடு சேர்த்த இடம். வேலையைப் படிப்பாகப் பார்க்கும் வழக்கம் நமக்குப் பழையது. அதோடு முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுப்பதில்தான் இன்னும் கை நடுங்குகிறது.

வளர்ச்சியை மதிப்பெண் போட்டு அளக்க வேண்டாம். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஆசிரியர் ஒரு வரி எழுதினால் போதும்: சொன்னால்தான் செய்கிறதா, சொல்லாமல் செய்கிறதா, மற்றவரைச் செய்ய வைக்கிறதா, தப்பு நடந்தால் தானே வந்து சொல்கிறதா. கடைசியில் சொன்னது மற்ற மூன்றையும்விடத் தாமதமாக வரும். எட்டாவது முடியும்வரை வராத பிள்ளைகளும் உண்டு.

மார்ச்சில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பொறுப்பு பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்: சாவி எங்கே, யாரிடம் கேட்டால் வேலை நடக்கும், எந்தக் குழாய் அடிக்கடி மக்கர் செய்யும், எந்த வகுப்பு பந்தைத் திருப்பித் தராது. ஜூனில் வரும் புதுப் பொறுப்பாளருக்கு ஆசிரியர் சொல்லும் அறிவுரையைவிட இந்தப் பக்கம் பயன்படும். இவ்வளவையும் தனி ஓர் ஆசிரியரின் ஆர்வத்தில் நடத்தினால், கோடையில் அவருக்கு மாறுதல் வந்ததும் நின்றுவிடும். பொறுப்புகளின் பட்டியல், நான்கு வாரச் சுற்று, வெள்ளிக்கிழமைக் கூட்டம், 200 ரூபாய் வரம்பு ஆகிய நான்கையும் மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஏப்ரல் கூட்டத்திலேயே ஏற்றிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். புதிதாக வரும் தலைமை ஆசிரியர் முதல் வாரத்தில் திறந்து பார்க்கும் புத்தகம் அதுதான்.